ஊருக்கெல்லாம் என் நம்பர்

பள்ளிக்கூடத்துக்கு இன்டர்நெட் ஒயர் இழுக்க வந்தவர்கள் என் கடை ஸ்டூலைத்தான் கேட்டு வாங்கினார்கள். கம்பத்தில் ஏற, முதல் கால் வைக்க ஏதாவது வேண்டுமாம். ஏதோ தெருவுக்கு நல்லது நடக்கிறது என்று நானும் எடுத்துக் கொடுத்தேன். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தேன். கறுப்பு ஒயர் என் கடை போர்டுக்கு மேலே போய், டீக்கடைக்கு மேலே போய், பள்ளிவாசல் முனையில் திரும்பியது. "எங்க போவுது?" என்று கேட்டேன். "கேர்ள்ஸ் ஸ்கூலுக்குக்கா. லேப்பு வருது. இனிமே ரிசல்ட்டு, அப்ளிகேசன் எல்லாம் அங்கயே பாத்துக்கலாம்" என்றான் மேலே இருந்தவன். என் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டே என் வயிற்றில் அடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஊர் கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடலை ஒட்டி இருக்கிறது. கடைத்தெரு என்றால் ஒரே தெருதான். அதில் என் மாமனாரின் மளிகைக் கடையை ஒட்டி மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருந்தது. கல்யாணமாகி வந்த சில வருஷத்தில் அதைக் கேட்டு வாங்கி பிரவுசிங் சென்டர் வைத்தேன். நான் பிளஸ் டூ வரைதான் படித்தவள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். அது போதுமாக இருந்தது. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, பட்டா நகல் எடுக்க, பாஸ்போர்ட்டுக்குப் பதிய, எதற்கும் என் கடைதான். நாவலூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் ஆயிரம் பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கட்டும், எங்கள் ஊருக்குக் கம்ப்யூட்டர் என்றால் நான். மீன்கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வருகிற பெண்கள், "இன்னாவோ ஆன்லைன்ல போடணுமாம், போட்டுக் குடும்மா" என்பார்கள். என்ன போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும்.

எல்லா விண்ணப்பமும் ஒரு போன் நம்பர் கேட்கும். அங்கேதான் எங்கள் ஊர் மாட்டிக்கொள்ளும். ஆண்கள் போனோடு கடலுக்குப் போயிருப்பார்கள், இல்லாவிட்டால் துபாயில் இருப்பார்கள். பெண்கள் கையில் இருக்கிற சிம் இந்த மாதம் ஒன்று, ஆஃபர் முடிந்தால் அடுத்த மாதம் வேறொன்று. ஓடிபி வந்தால் யாரைத் தேடிப் போவது? அதனால் நான் யாரையும் கேட்காமல் என் நம்பரைப் போட்டுவிடுவேன். ஓடிபி என் கைக்கு வரும், வேலை அப்போதே முடியும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும், ஸ்காலர்ஷிப் கேட்கும்போதும் அதே நம்பர்தான். ஒருமுறை ஹெட்மிஸ்ட்ரஸ் கடைக்கே வந்து, "என்னம்மா இது, பாதி கிளாஸுக்கு நீதான் அம்மாவா?" என்று சிரித்தார். "ஆமா டீச்சர்" என்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் பெருமை உச்சிக்கு ஏறுவது ரிசல்ட் அன்று. காலையிலேயே தெரு நிறைந்துவிடும். டீக்கடைக்காரர் எனக்கென்று தனியாக டீ போட்டு அனுப்புவார். பதிவு எண்ணைத் தட்டி, பிறந்த தேதியைத் தட்டி, பக்கம் திறந்ததும் வாசலைப் பார்த்து மார்க்கைக் கத்துவேன். டீக்கடைக்காரர் அதை வாங்கி ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கத்துவார். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். தாய்மார்கள் லட்டை என் வாயில்தான் முதலில் திணிப்பார்கள், பெற்ற பிள்ளைக்கு அப்புறம்தான். ஃபெயில் என்றால் கத்த மாட்டேன், நான் அப்படிப்பட்டவள் இல்லை. "அம்மாவைக் கூட்டிகினு வா" என்று மெல்லச் சொல்வேன். நான் மெல்லப் பேசினாலே தெருவுக்குப் புரிந்துவிடும் என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

என் மகள் பத்தாவது எழுதியபோதும் நான்தான் கத்தினேன். நல்ல மார்க். கணக்கில் மட்டும் கொஞ்சம் கம்மி, அதையும் சேர்த்துத்தான் கத்தினேன். டீக்கடைக்காரர் அந்தக் கணக்கு மார்க்கைப் போய் இரண்டு தடவை கத்தித் தொலைத்தார். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நல்ல மார்க் வாங்கியவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. வயசு அப்படி என்று விட்டுவிட்டேன். அன்றே எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. அவளுடைய பிளஸ் டூ ரிசல்ட்டை என் விரலால் தட்டி, என் வாயால் தெருவுக்குச் சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன வாய் இது. பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் போனால் கடை வைத்து என்ன பிரயோஜனம்?

அந்த ஆசைக்குக் குறுக்கேதான் ஒயர் வந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டு என் ஓரகத்தியும் வந்தாள்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் தம்பி மனைவி. செங்கல்பட்டுக்காரி. எம்.சி.ஏ. கல்யாணத்துக்கு முன்னால் ஓ.எம்.ஆரில் ஐடி கம்பெனி ஒன்றில் இருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவள் நிற்கிற போட்டோ கொழுந்தன் அறையில் இன்னும் மாட்டியிருக்கிறது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். பள்ளிக்கூட லேப்புக்கு ஆள் வேண்டும் என்றதும் எழுதிப் போட்டாள், கிடைத்துவிட்டது. எங்களுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்பு. வாய் நிறைய "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். கோபப்பட ஒரு காரணம் கொடுக்க மாட்டாள். சண்டைக்காரியாக இருந்திருந்தால் நாலு சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

லேப் திறந்த அன்று ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நான் போகவில்லை, தலைவலி. போனவர்கள் வந்து சொல்லாமல் விடுவார்களா? இருபது கம்ப்யூட்டராம், ஏசியாம், தரையில் செருப்புப் படக் கூடாதாம், தட்டினால் தட்டினதும் திறக்கிறதாம். அன்று சாயங்காலம் எட்டாவது படிக்கிற ஒருத்தி பிராஜெக்டுக்குப் படம் எடுக்க என் கடைக்கு வந்து, "இங்க ஏங்கா இவ்ளோ ஸ்லோ?" என்று கேட்டாள். அந்த வாரமே கூடுதல் வேகத்துக்கு எழுதிக்கொடுத்தேன். "அதிவேக இன்டர்நெட்" என்று போர்டு எழுதினேன். வாசலில் மண்பானையில் தண்ணீர் வைத்தேன். தண்ணீருக்கு மட்டும் கூட்டம் வந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், "எங்க சின்ன மருமவ கவர்மெண்ட்டு ஸ்கூலுல கம்ப்யூட்டரு சொல்லிக் குடுக்குது" என்பார். "பெரிய மருமவ?" என்று கேட்டால், "அது கடை வெச்சிகினு கீது" என்பார். பொய்யில்லைதான். ஆனால் மளிகைக் கடையில் உட்கார்ந்து உப்பு நிறுக்கிறவளைச் சொல்வது போலச் சொல்வார். ஊரில் முதல் கம்ப்யூட்டரை யார் வைத்தது, யார் வீட்டு மூட்டை அறையில் வைத்தது என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அப்போது எரிந்தது என்று சொல்வதுகூடத் தப்பு, இப்போது எழுதும்போதும் எரிகிறது.

ஒரே ஆறுதல் என் போன். லேப்பில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் எதைத் திறந்தாலும் ஓடிபி கேட்கும். ஓடிபி என் மேசைமேல் வந்து டிங் என்னும். அடுத்த நொடி அவள் கூப்பிடுவாள். "அக்கா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்றீங்களா?" இருபது கம்ப்யூட்டரும் ஏசியும் இருந்து என்ன, சாவி என்னிடம். சும்மா கொடுத்துவிடுவேனா? "யாருக்கு?" என்பேன். பேரைச் சொல்வாள். "எந்தத் தெருப் பொண்ணு?" என்பேன். அதையும் சொல்வாள். "இரு, கண்ணாடியை எடுத்துக்கறேன்" என்பேன். கண்ணாடி மூக்கில்தான் இருக்கும். பிறகு ஒவ்வொரு எண்ணாக, பொன் நிறுக்கிற மாதிரி சொல்வேன். சில சமயம் நான் முடிப்பதற்குள் நேரம் கடந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். அவள் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லித்தான் வைப்பாள். அந்தத் தேங்க்ஸைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சம் சந்தோஷமும் போய்விடும்.

பிறகு ஊர்ப் பெண்களுக்கென்று சனிக்கிழமை மத்தியானத்தில் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அனுமதி கொடுத்தாராம். யார் வேண்டுமானாலும் வரலாம், அவரவர் வேலையை அவரவரே செய்யக் கற்றுக்கொள்ளலாம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷரையே கடித்த கதைதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டவள் இப்போது என் வாடிக்கைக்காரர்களிடம் வந்தாள்.

இறால் விற்கிற அம்மா ஒருவர் உண்டு. என் கடையின் முதல் வாடிக்கை. எத்தனையோ வருஷமாக அவர் வீட்டுக் கரண்ட் பில்லை நான்தான் கட்டிக்கொடுத்தேன். ஒரு நாள் கூடையோடு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "பாரு, பில்லு கட்டிட்டேன். நானேதான் கட்டினேன். உன் ஓரவத்தி சொல்லிக் குடுத்துது. தங்கமான பொண்ணும்மா அது!" "நல்லதும்மா" என்றேன். வாய்தான் சொன்னது. அன்று வீட்டில் இறால் குழம்பு, நான் சாப்பிடவில்லை.

"இன்னா, உடம்புக்கு சரியில்லியா?" என்று கேட்டார் என் கணவர்.

"ஒண்ணுமில்ல."

"போன் அடிக்கல போல. போன் அடிக்கலன்னா உனக்குச் சோறு எறங்காதே" என்று சொல்லிவிட்டு என் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் வேடிக்கை. தம்பி மனைவி பேர் வாங்கினால் அவருக்கும் பேர்தானே.

அடுத்த சனிக்கிழமை அவளுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொடுத்தனுப்ப மாமியார் ஆள் தேடினார். நானே எடுத்துப்போகிறேன் என்றேன். வீடே என்னை அதிசயமாகப் பார்த்தது. உளவு பார்க்கத்தான் போனேன், வேறெதற்கு?

லேப் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த செருப்புகள், என் கடை வாசலில் கிடந்தவை. உள்ளே பெண்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். என் ஓரகத்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். எதையும் தொடவில்லை. இறால்காரம்மா தன் பேரை அடிக்க ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு ஒரு எழுத்தைத் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். நானாக இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். என் கை துறுதுறுத்தது. "கீழ் வரிசைல கீது பாரும்மா" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டேன். ஓரகத்தி திரும்பிப் பார்த்து, "அவங்களே தேடட்டும்க்கா" என்று சிரித்தாள். யாராவது ரகசிய எண் அடிக்க வேண்டி வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பெரிய நாகரிகம்! ஊர் முழுக்கப் பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம். ஒரு நாள் ஒருத்தர் வீட்டுப் பொருள் என்னால் குறைந்தது உண்டா?

அதைவிடப் பெரிய அடி பின்வரிசையில் காத்திருந்தது. டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போன என் மகள், ஒரு மீனவப் பெண்ணின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தபா பண்ணுங்க, வரும்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஏதோ சந்தேகம் வந்து, சித்தி முறையான என் ஓரகத்தியை, "சாச்சி, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு இனிப்பு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் கடையில் ஒரு ஜெராக்ஸ் போட்டுக் கொடு என்றால், "படிக்கணும்மா" என்று ஓடுகிறவள் அவள்.

கேரியரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அவளைப் பிடித்துக்கொண்டேன். "என் கடைக்கு வந்தா மட்டும் கை தேஞ்சு போய்டுமா?"

"அங்க நான் சொல்லிக் குடுக்கறேம்மா" என்றாள். "உன் கடைல நீ என்னை எதையும் தொடவே வுடமாட்ட."

பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது? யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் நம்பரை மாற்ற ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை வகுப்பில் அதுவும் ஒரு பாடமாம்: உங்கள் வேலைக்கு உங்கள் நம்பர். பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புது நம்பர் போடவும் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். என்னை வெட்டிவிட என்னிடமே கத்தி கேட்கிற மாதிரி. "சொல்லுக்கா", "சொல்லும்மா" என்று வரிசையாக போன் வந்தது. மறுக்க முடியுமா? அவர்கள் பேர், அவர்கள் கார்டு. யாருக்கு, எந்தத் தெரு என்று கேட்பதையே விட்டுவிட்டேன். எண்ணைப் படித்துச் சொல்லி வைத்துவிடுவேன். வீட்டில் மகள் வந்து, "ஓடிபி ஒண்ணு வந்திருக்கும்மா" என்றாலும், ஏதோ அவள் தோழிக்கு என்று நினைத்து, போனைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் படித்துச் சொல்வேன். டிங் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் பிளஸ் டூ பிள்ளைகளில் நிறையப் பேருக்கு மாற்றிக்கொள்ள நிலையான நம்பர் கிடையாது. அவர்கள் என்னோடுதான் இருந்தார்கள். அதுவே பெரிசு என்று இருந்தேன்.

ரிசல்ட் அன்று விடிகாலை பஜ்ர் தொழுகை முடித்த கையோடு கடையைத் திறந்தேன். கூட்டிப் பெருக்கி, கம்ப்யூட்டர்களைத் துடைத்து, ஊதுபத்தி கொளுத்தி உட்கார்ந்தேன். தெருவில் யாரையும் காணோம். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, இன்னும் போணி ஆவலியா?" என்றார். அவர் வழக்கமாக அனுப்பும் டீயும் வரவில்லை. அப்போது மகள் புதுச் சுடிதாரில் வந்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஸ்கூலுக்கும்மா. எல்லாரும் லேப்புல சேந்து பாக்கப் போறோம்."

"இங்க இன்னா கம்ப்யூட்டர் இல்லியா?"

அதற்குள் ஓரகத்தி ஸ்கூட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள், இவள் பின்னால் ஏறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். போகும்போது ஓரகத்தி என்னைப் பார்த்து ஹாரன் அடித்தாள். பாசமாகத்தான் அடித்தாள். எனக்கு நெஞ்சில் அடித்தது. இரண்டு வருஷமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த ரிசல்ட், என் கடை வாசல் வழியாக ஸ்கூட்டியில் ஏறிப் போயிற்று.

ரிசல்ட் நேரம் வந்ததும் சும்மா இருக்க முடியாமல் அவள் பதிவு எண்ணைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தமிழ்நாடே ஒரே பக்கத்தைத் தட்டினால் அது என்ன செய்யும்? முதலில் கடுப்பாக இருந்தது, அப்புறம் சந்தோஷமாகிவிட்டது. எனக்குத் திறக்கவில்லை என்றால் லேப்பிலும் திறக்காது. ஒயர் எத்தனை தடிமனாக இருந்தால் என்ன, அந்தப் பக்கம் கதவு மூடியிருக்கிறதே.

அப்போதுதான் போன் டிங் என்றது. தொடர்ந்து இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் ஒரு பேர், ஒரு பதிவு எண், பாடவாரியாக மார்க். ஆட்டோ ஸ்டாண்ட்காரர் மகள். அடுத்தது தர்கா தெருப் பொண்ணு. பதிவு செய்த நம்பருக்கு ரிசல்ட் நேராக மெசேஜில் வந்துவிடும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மற்ற வருஷங்களில் கூட்டத்தில் போனை எடுத்துப் பார்க்க ஏது நேரம்? பாதி கிளாஸுக்கு நான்தானே அம்மா. லேப்பில் எல்லோரும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மார்க் மொத்தமும் என் கையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. மகளுடையது இன்னும் வரவில்லை. வரும், வராமல் எங்கே போகும்?

ஷட்டரை இறக்கினேன். "எங்கம்மா?" என்றார் டீக்கடைக்காரர். "ரிசல்ட் சொல்லப் போறேன்" என்றேன். பெருநாள் அன்றுகூட எனக்கு அப்படி ஒரு நடை வந்ததில்லை. வழியெல்லாம் போன் கையில் துள்ளியது.

லேப்பில் இருபது திரையிலும் வட்டம்தான். ஏசி ஓடியும் என் ஓரகத்தியின் நெற்றியில் வேர்வை. தாய்மார்கள் சுவரோரமாக நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று, "இன்னும் சுத்திகினே கீதா?" என்று கேட்டேன். யாரும் திரும்பவில்லை. "எல்லார் மார்க்கும் என்கிட்ட வந்துடுச்சு" என்றேன்.

அத்தனை நாற்காலியும் ஒரே சமயத்தில் நகர்ந்த சத்தம் எனக்கு எந்த லட்டையும்விட இனித்தது. பிள்ளைகள் என்னை மொய்த்துக்கொண்டார்கள். இருபது கம்ப்யூட்டரும் அநாதையாகக் கிடந்தன. ஓரகத்தி பக்கத்தில் வந்து, "அக்கா, சத்தமா வேணாம். ஒவ்வொருத்தியா வரட்டும், அவங்களுக்கு மட்டும் காட்டுங்க" என்றாள். எனக்கா சொல்லிக்கொடுக்கிறாள்? ஆட்டோக்காரர் மகளின் மார்க்கைச் சுவர் அதிரக் கத்தினேன். கை தட்டினார்கள், அவள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்த மெசேஜைத் திறந்தேன். அதில் ஒரு பாடம் போயிருந்தது. அந்தப் பிள்ளை எனக்கு நேர் எதிரே, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டு போனை அவள் பக்கம் திருப்பினேன். அதற்கப்புறம் வந்தவர்களுக்கும் காட்டத்தான் செய்தேன். ஓரகத்தி சொன்னாள் என்பதற்காக இல்லை, தொண்டை கட்டியிருந்தது.

கூட்டம் கரைந்தது. மகளைக் காணோம். மெசேஜ்களை மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தேன், கீழிருந்து மேலாகப் பார்த்தேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். என் பிள்ளை இல்லை.

"எங்க என் பொண்ணு?"

"போனைப் பாத்துட்டு வெளிய எழுந்து போனாக்கா" என்றாள் ஓரகத்தி. "நான் ஒண்ணும் கேட்டுக்கல."

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். அவள் போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் உட்காரவில்லை.

"உன்னுது மட்டும் எனக்கு வரலியே?"

"எனக்கு வந்துடுச்சும்மா. நம்பரை மாத்திட்டேன்."

"யாரு மாத்துனது? சாச்சியா?"

"நானேதான். நீதாம்மா ஓடிபி சொன்ன. யாருக்குன்னு நீ கேக்கல."

"எதுக்கு மாத்துன?"

"நீ பாத்தா தெருவே பாத்த மாதிரிம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கேட்க எத்தனையோ இருந்தது. என் வாயில் முதலில் வந்தது இதுதான்:

"சாச்சிகிட்ட சொல்லிட்டியா?"

"யார்கிட்டயும் சொல்லல. மொதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு உக்காந்துகினு கீறேன்" என்றாள். பிறகு, "மார்க்கு இன்னான்னு நீ இன்னும் கேக்கவே இல்லியேம்மா" என்றாள்.

கேட்டேன். கேட்கும்போதும் என் கண் லேப் வாசலில்தான் இருந்தது, என் ஓரகத்தி பார்க்கிறாளா என்று.